சாப்பாட்டுக்குப் பயந்து செத்த பிஷப்

"வர்ற வியாழக்கிழமை ராஜா இங்க வர்றாரு சாமி" என்று சொல்லிவிட்டு, ராஜாவின் வேட்டை வல்லூறுகளைப் பழக்கும் இம்மின், வாசலில் நின்றபடியே கையுறையைக் கழற்றினான்.

பிஷப் டில்வின் அப்போது ஏணியின் உச்சியில் நின்று, கூரையில் புகையூட்டத் தொங்கவிட்டிருந்த பன்றித் தொடை ஒன்றை முகர்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். வாசலிலிருந்து பார்த்தால் புகைக்குள் ஏணியின் கால்கள் மட்டும்தான் தெரியும். ஏணி ஆடியது. தொடையைக் கட்டிக்கொண்டதால் பிழைத்தார்.

"எந்த ராஜா?"

"மெர்சியா நாட்டுக்கு எத்தனை ராஜா இருக்காங்க சாமி? ஒருத்தர்தான்."

"எத்தனை பேர் வருவீங்க?"

"ராஜா வந்தா வழக்கமா கூட வர்றவங்கதான்."

பிஷப் ஏணியிலிருந்து இறங்கினார். வழக்கமாக வருகிறவர்களை அவருக்கு நன்றாகத் தெரியும். இரண்டு வருஷத்துக்கு முன் "ஒரு ராத்திரி தங்கிவிட்டுப் போகிறேன்" என்று வந்த ராஜா ஒன்பது நாள் தங்கினார். எண்பது ஆட்கள், அறுபது குதிரைகள், வேட்டை நாய்கள், பிறகு அந்த வல்லூறுகள். வல்லூறுகளுக்கு நேற்று அறுத்த கோழி ஆகாதாம். ராஜா கிளம்பிப் போன அன்று அந்த வீட்டில் மிஞ்சியது உப்பும் ஜெபமும்தான். பன்னிரண்டு குருமார்கள், ஏழு விதவைகள், தாய் தகப்பனில்லாத பிள்ளைகள், ஆற்றோரக் குடிசையில் இருந்த தொழுநோயாளிகள் எல்லாரும் அந்தக் குளிர்காலம் முழுக்க ஓக் கொட்டையை இடித்து ரொட்டி சுட்டுத் தின்றார்கள். வாசல் காத்துக்கொண்டிருந்த கிழட்டுப் பாதிரியார் ஹெர்ரிக், ஈஸ்டருக்கு ஒரு வாரம் இருக்கும்போது செத்துப்போனார். குளிர் தாங்காமல் போய்விட்டார் என்று எல்லாரும் சொல்லிக்கொண்டார்கள். அவர் தன் ரொட்டியைப் பிள்ளைகளுக்குப் பிய்த்துக் கொடுத்ததை டில்வின் பார்த்திருந்தார்.

இப்படி ஏதாவது நடக்கும் என்று பயந்தே, பிஷப்பாகி இந்தப் பதினொரு வருஷத்தில் அவர் ஒரே ஒரு கலையில் தேர்ச்சி பெற்றிருந்தார். யார் கண்ணிலும் படாமல் இருப்பது. ராஜசபைக்குப் போனால் இருப்பதிலேயே உயரமான பிஷப்பாகப் பார்த்து, அவர் முதுகுக்குப் பின்னால் நின்றுகொள்வார். ராஜா எழுதிக் கொடுக்கும் பட்டயத்தில் சாட்சியாகச் சிலுவைக் குறி போடச் சொன்னால், ஈ உட்கார்ந்த மாதிரி ஓரமாக ஒன்று போடுவார். ஏதாவது கருத்துக் கேட்டால் இருமுவார். ராஜாவுக்குத் தெரிந்த பிஷப், ராஜாவுக்குச் சாப்பாடு போடவேண்டிய பிஷப். அவ்வளவுதான் அவர் கண்ட உண்மை.

இம்மினைக் கைகால் கழுவ அனுப்பிவிட்டு, பால் அறையில் மூன்று பேர் கூடினார்கள். பிஷப், அவருடைய விதவை அக்கா பெப்பா, வீட்டு நிர்வாகம் பார்க்கும் பாதிரியார் டுட்டா.

"இப்பதான்டா தம்பி பன்னி அறுத்து உப்புப் போட்டிருக்கேன். மோப்பம் புடிச்ச மாதிரி வர்றானே" என்றாள் பெப்பா.

"ராஜாவை அவன் இவன்னு பேசாதக்கா."

"சாப்பிட்டுட்டுத் தட்டையும் எடுத்துட்டுப் போனவனை வேற எப்படிப் பேசறது?"

டுட்டாவுக்கு எந்தச் சிக்கலுக்கும் உடனே ஒரு யோசனை தோன்றும். அது அவருடைய பலம். மற்றவர்களுடைய துரதிர்ஷ்டம்.

"ஒளிச்சிடுவோம் சாமி. தொடை, பாலாடைக்கட்டி, பீர்ப் பீப்பாய், எல்லாத்தையும் கோவில் பீடத்துக்குப் பின்னாடி அடுக்கி, தவக்காலத்து ஊதாத் துணியைப் போட்டு மூடிடுவோம். வீட்டுல ஒண்ணும் இல்லேன்னா ராஜா தண்ணியைக் குடிச்சிட்டுக் கிளம்பிடுவாரு."

"கோவில்லயா? ஆண்டவர் இருக்கிற இடத்துலயா?" என்றார் பிஷப்.

"ஆண்டவர் பாத்தா பரவாயில்ல. ராஜா பாக்கக் கூடாது."

அன்று மத்தியானம் இம்மினுக்கு வேகவைத்த மொச்சையும் கிணற்றுத் தண்ணீரும் வந்தன. அவன் கிண்ணத்தைப் பார்த்தான். பிஷப்பின் கிண்ணத்தைப் பார்த்தான். அதிலும் அதே மொச்சைதான், இன்னும் கொஞ்சம் குறைவாக.

"தினமும் இதுதானா சாமி?"

"ஞாயித்துக்கிழமைன்னா உப்புப் போடுவோம்" என்று டுட்டா முந்திக்கொண்டு சொன்னார்.

இம்மினின் கண் கலங்கிவிட்டது. "நான் எத்தனையோ பிஷப்பைப் பாத்திருக்கேன். குதிரை மேல ஏத்தறதுக்கே ரெண்டு ஆள் வேணும். நீங்க என்னடான்னா..." மொச்சையை அப்படியே விட்டுவிட்டுக் குதிரை ஏறினான்.

மறுநாள் காலையே திரும்பி வந்தான். முகமெல்லாம் சிரிப்பு.

"மொச்சைக் கதையைச் சொன்னேன் சாமி. ராஜா அழுதுட்டாரு! இப்படி ஒரு மனுஷனை இன்னும் ஒருநாள் காக்க வைக்கிறது பாவம், புதன்கிழமையே வர்றேன்னுட்டாரு!"

பெப்பா, டுட்டாவைத் திரும்பிப் பார்த்தாள். டுட்டா கூரையைப் பார்த்தார்.

"கவலைப்படாதீங்க. நோய்" என்றார் டுட்டா, இம்மின் குதிரைக்குத் தண்ணீர் காட்டப் போன இடைவெளியில். "ஒட்டிக்கிற நோய். கொப்புளம். ராஜாக்கள் கத்திக்குப் பயப்பட மாட்டாங்க, கொப்புளத்துக்குப் பயப்படுவாங்க."

பெப்பா ஓட்ஸ் கூழில் காட்டுப்பழச் சாற்றைக் கலந்து, தம்பியின் முகத்திலும் கழுத்திலும் உருட்டி உருட்டி ஒட்டினாள். வேலை சுத்தமாக இருந்தது. அறை வாசலுக்கு வந்த இம்மின் ஒரு பார்வைதான் பார்த்தான். பிடரியில் கால் பட ஓடினான்.

"போனான்!" என்று டுட்டா கையைத் தட்டினார்.

திங்கட்கிழமை காலையில் ஒரு கோவேறு கழுதை வந்து நின்றது. அதிலிருந்து ஒரு பெருத்த மனிதர் இறங்கினார். அவருக்குப் பின்னால் நான்கு ஜாடிகள் இறங்கின. ஜாடிகளுக்குள் ஏதோ நெளிந்தது.

"நான் போட்வின். ராஜவைத்தியன். டில்வின் சாமி இன்னும் இருபது வருஷமாவது இருக்கணுமாம், என்ன செஞ்சாவது காப்பாத்துன்னு ராஜா அனுப்பியிருக்காரு. எங்க நோயாளி?"

டில்வினுக்கு ஒரு கணம் நெகிழ்ச்சியாகக்கூட இருந்தது. தனக்காக ராஜா கவலைப்படுகிறாரா? உடனே, தன் ஆயுள் எவ்வளவு நீளுமோ அவ்வளவு விருந்து என்ற கணக்காகத்தான் இருக்கும் என்று தோன்றியது. நெகிழ்ச்சி போய்விட்டது.

போட்வின் ஒரு கொப்புளத்தை விரலால் தொட்டார். அது விரலோடு வந்துவிட்டது. அதை நாக்கில் வைத்துப் பார்த்தார். டுட்டா கதவுப் பக்கம் நகர்ந்தார்.

"இனிக்குது" என்றார் போட்வின் கவலையோடு. "இனிச்சா முத்திப்போச்சுன்னு அர்த்தம்."

பதினாறு அட்டைகளை எடுத்துப் பிஷப்பின் மேல் விட்டார். நோயாளிக்குப் பூண்டுத் தண்ணீர் தவிர எதுவும் ஆகாது என்றார். தனக்கு மொச்சை ஆகாது என்றார். மொச்சை சாப்பிட்டால் கை நடுங்குமாம். நடுங்கும் கையால் ரத்தம் எடுத்தால் விபரீதமாகுமாம். பெப்பா வேறு வழியில்லாமல் கோவிலுக்குப் போய், துணியைத் தூக்கி, ஒரு பாலாடைக்கட்டியைக் கொண்டுவந்தாள். அது போதவில்லை. இன்னொன்றும் வந்தது. பிறகு ஒரு தொடை. சாயங்காலத்துக்குள் அட்டைகள் பிஷப்பைக் குடித்திருந்தன. வைத்தியர் பீரைக் குடித்திருந்தார்.

"ஒரு ஆளே இவ்வளவு தின்னா, எண்பது ஆள் என்ன தின்னும்?" என்று டில்வின் ஈனக்குரலில் கேட்டார். "இவனை முதல்ல அனுப்பு டுட்டா. ஏதாவது செய்யி."

"நோயாளி செத்துட்டா வைத்தியர் போயிடுவாரு" என்றார் டுட்டா.

பெப்பா தம்பியின் கையை எட்டிப் பிடித்தாள்.

"யோசிச்சுப் பாருங்க சாமி. ராஜாவுக்கு விருந்து வைக்கவேண்டியது பிஷப். பிஷப்பே இல்லேன்னா? புது பிஷப் வர்ற வரைக்கும் இந்த வீட்டுக்குச் சொந்தக்காரனே கிடையாது. ராஜா நேரா அடுத்த ஊருக்குப் போயிடுவாரு. அவரு தலை மறைஞ்சதும் நீங்க எந்திரிச்சிடுங்க. பெரிய மயக்கம்னு சொல்லிக்கலாம்."

"நான் இதுவரைக்கும் வாயைத் திறந்து பொய் சொன்னதில்ல டுட்டா."

"பொணம் வாயைத் திறக்கவே வேணாமே சாமி."

டில்வின் ஜன்னல் பக்கம் தலையைத் திருப்பினார். ஜன்னலுக்கு வெளியே பிள்ளைகள் சுள்ளி பொறுக்கிக்கொண்டு எதற்கோ சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். இரண்டு வருஷத்துக்கு முன் அவர்களுக்குச் சண்டை போடத் தெம்பில்லை. ஹெர்ரிக்கின் வளைந்த முதுகு நினைவுக்கு வந்தது.

"சரி. நாளைக்குச் செத்துடறேன்" என்றார்.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் பிஷப் டில்வின் காலமானார். பெப்பா மாரில் அடித்துக்கொண்டு அழுத அழுகையில், செத்தவரே ஆறுதல் சொல்ல எழுந்துவிடப் பார்த்தார். "என்னைப் பெத்த தாயி செத்தப்பக்கூட நான் இப்படி அழலையே!" என்று அவள் கத்தினாள். அது உண்மையும்கூட.

போட்வின்தான் வெளிறிப்போனார். இருபது வருஷம் கேட்ட ராஜாவுக்கு இருபத்துநாலு மணி நேரம் கொடுத்திருக்கிறார். அட்டைகளைப் பொறுக்கி ஜாடியில் போடும்போதே அவர் மூளை வேலை செய்யத் தொடங்கிவிட்டது. கழுதை மேல் ஏறும்போது கதை தயாராக இருந்தது.

"வைத்தியத்துக்கு உட்பட்ட சாவு இல்ல இது" என்று டுட்டாவிடம் சொன்னார். "முகத்துல ஒரு ஒளி அடிச்சிது, கொப்புளமெல்லாம் மறைஞ்சிடுச்சு. நான் பாத்தேன். நீரும் பாத்தீரு."

"நானா?"

"பாத்தீரு" என்று அழுத்திச் சொல்லிவிட்டு, கழுதையைத் தட்டினார்.

புதன்கிழமை காலை கோவிலில், பீடத்துக்கு முன்னால் பாடையில் படுத்திருந்தார் டில்வின். அவருடைய தலைமாட்டில், ஊதா நிறத் துணிக்குப் பின்னால், நாற்பது பேரின் குளிர்காலம் அடுக்கிவைக்கப்பட்டிருந்தது. இரண்டு நாளாகப் பூண்டுத் தண்ணீர் மட்டும் குடித்தவருக்கு அந்தப் புகைவாசனை பெரிய சோதனை. டுட்டா மூச்சிரைக்க ஓடி வந்தார்.

"சாமி, அடுத்த ஊருக்குப் போகல! அந்த வைத்தியப் பய உங்களைப் புனிதராக்கிட்டான். ராஜா, ராணி, ரெண்டு மடத்துத் தலைவருங்க, மொத்தம் நூத்தி நாப்பது பேரு. எல்லாரும் அடக்கத்துக்கு வர்றாங்க!"

பிணம் எழுந்து உட்கார்ந்தது. "எந்திரிச்சுச் சொல்லிடறேன். உண்மையைச் சொல்லிடறேன்."

"இப்பச் சொன்னா ராஜாவை ஏமாத்தின குத்தம். உங்க தலையைத் தொட மாட்டாரு, நீங்க பிஷப்பு. என் தலை? அக்கா தலை? படுங்க சாமி!"

கதவுக்கு வெளியே எக்காளம் முழங்கியது. பிணம் படுத்தது.

ராஜா உள்ளே வந்து முழங்காலிட்டார். நல்ல மனிதர்தான், பக்தியும் பசியும் அவருக்கு எப்போதும் ஒரே நேரத்தில் வரும். கண்ணை மூடி மூச்சை இழுத்தார். மறுபடி இழுத்தார்.

"என்ன இது, வாசனை?"

"புனிதர்களோட உடம்புல நறுமணம் வரும் ராஜாவே" என்றார், ராஜாவோடு திரும்பி வந்திருந்த போட்வின்.

"ரோஜா மணம்னு சொல்வாங்க. இது வேற மாதிரி இருக்கே."

"ஆளுக்கு ஆள் மாறும்."

"எனக்கு இதை முகரும்போது" என்று ஒரு மடத்துத் தலைவர் உணர்ச்சிவசப்பட்டார், "பசி எடுக்கிற மாதிரி ஒரு பக்தி வருது."

அதற்குள் ஊர் ஜனங்கள் வரிசை கட்டிவிட்டார்கள். ஒருத்தி பிஷப்பின் பாதத்தைத் தொட்டாள். பல்வலி போய்விட்டது என்றாள். இன்னொருத்தி தொட்டாள், புருஷனின் குறட்டை நின்றுவிட்டது என்றாள். புருஷன் பக்கத்திலேயே விழித்துக்கொண்டு நின்றிருந்தான். டில்வினுக்கோ உள்ளங்காலில் கூச்சம் அதிகம். நாக்கைக் கடித்துக்கொண்டு தாங்கினார்.

அப்போதுதான் வாசலில் நின்ற நாய்க்காரனின் கையிலிருந்து கயிறு நழுவியது. ஆறு வேட்டை நாய்கள் உள்ளே பாய்ந்தன. ராஜாவைத் தாண்டின, பாடையைத் தாண்டின, ஊதாத் துணியைப் பல்லால் பற்றி இழுத்தன. துணி விழுந்தது. பன்றித் தொடைகள் ஒன்றன்பின் ஒன்றாக உருண்டன. பாலாடைக்கட்டி ஒன்று சக்கரம் மாதிரி ஓடிவந்து ராஜாவின் காலடியில் சுற்றி விழுந்தது.

ராஜா குனிந்து அதை விரலால் தட்டிப் பார்த்தார்.

"இந்த வீட்டுல மொச்சையைத் தவிர ஒண்ணும் இல்லேன்னாங்களே?" என்றார் ராஜா.

"ஒண்ணுமே இல்ல ராஜாவே! என் கண்ணால பாத்தேன்!" என்று இம்மின் சத்தியம் செய்தான்.

தொடையும் பாலாடைக்கட்டியும் தின்றிருந்த போட்வின் தரையைப் பார்த்தார். மற்ற எல்லாரும் டுட்டாவைப் பார்த்தார்கள். டுட்டா தொப்பென்று முழங்காலில் விழுந்தார்.

"அற்புதம்! சாமி மேல போன கையோட, தன் அடக்கத்துக்கு வர்றவங்க பசியோட திரும்பக் கூடாதுன்னு அனுப்பி வெச்சிருக்காரு!"

பாடையில் பல் நறநறக்கும் சத்தம் கேட்டது. அது பெப்பாவுக்கு மட்டும் கேட்டது.

"புனிதர் அனுப்பினது" என்றார் ராஜா, கண்ணைத் துடைத்துக்கொண்டு. "ஒரு துணுக்கு மிச்சம் வைக்கக் கூடாது."

நூற்று நாற்பது பேர் கோவில் முற்றத்தில் உட்கார்ந்து, ஒரு துணுக்கு மிச்சம் வைக்கவில்லை. டில்வின் கண்ணை மூடிக்கொண்டு எல்லாவற்றையும் கேட்டார். பீப்பாயின் அடைப்பைப் பிடுங்கும் சத்தம். எலும்பில் கத்தி உரசும் சத்தம். இது பெரியவர்களுக்கு, இது பிள்ளைகளுக்கு, இது தொழுநோய்க் குடிசைக்கு என்று அவரே பிரித்து வைத்தது. மூடிய இமையின் ஓரம் ஈரம் கசிந்தது.

பெப்பா முக்காட்டுத் துணியால் ஒற்றினாள். "டேய், பொணம் அழக் கூடாதுடா" என்றாள். பிறகு அதே துணியால் தன் கண்ணையும் துடைத்துக்கொண்டாள்.

சாப்பிட்டு முடித்த ராஜா, உதட்டைத் துடைத்துக்கொண்டு திரும்பி வந்தார்.

"இப்படி ஒரு புனிதரை முழுசா மண்ணுல போட மனசு வரல. அரண்மனைக் கோவிலுக்கு ஏதாவது ஒண்ணு கொண்டுபோகணும். வலது கை ஆள்காட்டி விரல் போதும். போட்வின்!"

"ஒரு நகம்?" என்றார் டுட்டா பலவீனமாக. "நகத்துலயும் சக்தி இருக்கும் ராஜாவே. தலைமயிர்கூட..."

"விரல்."

போட்வின் இடுப்பிலிருந்து கத்தியை எடுத்தார். அதே கத்தியால்தான் தொடையை அறுத்திருந்தார். கொழுப்புப் பிசுக்கை அங்கியில் துடைத்துக்கொண்டார். டில்வின் விரலில் இரும்பின் குளிர்ச்சியை உணர்ந்தார். பதினொரு வருஷம் பேசாமல் இருந்த பிஷப், எழுந்து உட்கார்ந்து, மெர்சியா முழுக்கக் கேட்கும்படி கத்தினார்.

"விரலை விடுடா!"

போட்வின் மயங்கி விழுந்தார். மடத்துத் தலைவர்கள் இருவரும் ஒரே பெஞ்சின் அடியில் நுழையப் பார்த்து முட்டிக்கொண்டார்கள். ராணி சிலுவை போட்டுக்கொண்டாள். ராஜாவின் முகத்தில் மட்டும் பெரிய சூரியன் உதித்தது.

"என் ஆட்சியில! என் கண் முன்னாடி! செத்தவர் எந்திரிச்சாரு!"

"ராஜாவே, நான் செத்தே..." என்று டில்வின் தொடங்கினார்.

"பேசாதீங்க சாமி, களைச்சிருப்பீங்க. நான் சொல்றேன். இந்த அதிசயத்தைப் பன்னிரண்டு நாள் இங்கேயே தங்கிக் கொண்டாடுவோம். இதோட விடப்போறதில்ல. வருஷா வருஷம் இதே நாள், மொத்த சபையோட இந்த வீட்டுக்கு வருவேன். டில்வின்ங்கற பேரு கடலுக்கு அந்தப் பக்கமும் கேக்கணும்!"

முற்றத்தில் ஆரவாரம் எழுந்தது. டுட்டா யாருக்கும் தெரியாமல் நழுவிக்கொண்டிருந்தார்.

சிறிது நேரம் கழித்து, சவத்துணியைப் போர்த்திக்கொண்டே டில்வின் வெளியே வந்தார். பாதி ரத்தம் அட்டைகளோடு போயிருந்ததால் நடை தள்ளாடியது. வயலில் ராஜாவின் ஆட்கள் கூடாரம் அடித்துக்கொண்டிருந்தார்கள். வருகிற குளிர்காலத்துக்கு ஓக் மரங்கள் எவ்வளவு காய்த்திருக்கின்றன என்று அவர் கண் தன்னையறியாமல் பார்த்தது. காலியான பீப்பாய் ஒன்று கவிழ்ந்து கிடந்தது. அதன் மேல் உட்கார்ந்தார். பக்கத்தில் நாய்க்காரன், கடைசித் தொடை எலும்பைத் தன் நாய்க்குப் பிடித்துக்கொண்டிருந்தான். செத்துப் பிழைத்தவரைப் பார்த்து அவன் அவ்வளவாக ஆச்சரியப்படவில்லை. நாய்களோடு வாழ்கிறவன்.

"ஏம்பா" என்றார் டில்வின். "இந்த நாட்டுல எத்தனை பணக்கார பிஷப்பு இருக்காங்க. வந்து சாப்பிடறதுக்கு உங்க ராஜாவுக்கு என் வீடுதானா கெடைச்சுது?"

நாய்க்காரன் நிமிர்ந்து பார்த்தான்.

"சாப்பிடவா? அட நீங்க வேற சாமி! போன தடவை நாங்க வந்து போனதுல இங்க பட்டினி கெடந்தீங்கன்னு யாரோ சொல்லி, ராஜாவுக்கு மனசே கேக்கல. டில்வின் சாமி உசுரோட இருக்கிற வரைக்கும் ராஜாவோ, ராஜாவோட நாயோ இந்த வாசல்ல ஒரு துண்டு ரொட்டி கேக்கக் கூடாதுன்னு பட்டயம் எழுதி, முன்கூட்டி யாருக்கும் சொல்லாம உங்க கையில குடுத்துட்டு, குதிரையை விட்டு எறங்காமலே திரும்பறதாத்தான் இருந்தோம். நீங்க செத்துட்டீங்கன்னு சேதி வந்ததும் அதை அடுப்புல போட்டுட்டு, அதுக்கப்புறம்தானே சாப்பிட வந்தோம்!"